முதுகில் விழுந்த வட்டங்கள்

செல்லத்துரையால் சட்டையைக் கழற்ற முடியவில்லை. வலது கை இடுப்புக்கு மேலே எழும்ப மறுத்தது. அவன் மனைவி பாக்கியம் முதலில் இடது கையை உருவினாள். பிறகு தலை. கடைசியில், வாழைத்தண்டிலிருந்து பட்டையை உரிப்பதுபோல, வலது கையிலிருந்து சட்டையை மெல்ல இறக்கினாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு வேப்பமரத்து உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்கதான் சீனாவா?" என்று என்னைக் கேட்டாள்.

"ஆமா."

"பாத்தா நம்மூரு ஆளு கணக்கா இருக்கீக?"

"நம்மூருதான். வைத்தியம் மட்டும்தான் சீனா."

அந்தப் பதில் அவளுக்குத் திருப்தியாக இல்லை. எனக்கும்தான்.

பாளையம்பட்டியில் ஒரு டீக்கடைக்குப் பின்னால், விறகு அடுக்குகிற சாய்ப்பில் நான் குடியிருந்த காலம் அது. பங்குனி மாதம். தகரக் கூரைக்குக் கீழே பகலில் உட்கார முடியாது. வருகிறவர்களை வேப்பமரத்தடிப் பெஞ்சில் வைத்துத்தான் பார்ப்பேன்.

வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விளையாட்டுக்காரர்கள். சடுகுடு ஆடி முட்டி பிசகியவர்கள், வாலிபால் ஆடி விரல் மடங்கியவர்கள், மாடு பிடிக்கப் போய் விலாவில் வாங்கியவர்கள். எலும்பு முறிந்தால் முட்டைக்கட்டுப் போடுகிற வைத்தியரிடம் போவார்கள். எலும்பு கூடிய பிறகும் வலி போகவில்லையென்றால் என்னிடம் வருவார்கள். யாராலும் ஆகாதது எனக்கு என்று ஏற்பாடு.

செல்லத்துரை பாலவனத்தம் பக்கத்துக்காரன். சடுகுடுவில் மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டே எதிராளி கோட்டுக்குள் போகிறவன். முந்திய மாதம் ஓர் ஆட்டத்தில் நாலு பேர் சேர்ந்து அமுக்கியதில் தோள் தரையில் மோதிவிட்டது. கட்டுப் போட்டு அவிழ்த்தாகிவிட்டது. கைதான் மேலே வரவில்லை.

பங்குனிப் பொங்கலை ஒட்டி பாளையம்பட்டி மைதானத்தில் ஆட்டம் இருந்தது. ஒரு பஞ்சாலையின் ஆபீசர் அதைப் பார்க்க வருகிறார். மில் டீமுக்கு ஆள் எடுக்கிறார். டீமில் சேர்ந்தால் மில்லில் வேலை நிரந்தரம்.

"வேலை கெடைக்காட்டி மூணாறு எஸ்டேட்டுக்குத்தேன்," என்றாள் பாக்கியம். "ஆளு கூட்டிப் போக கங்காணி வந்து ஊருல உக்காந்திருக்கான். எங்க அக்கா அப்பிடித்தேன் போனா. குளிருலயும் அட்டைக் கடியிலயும் கெடந்து, திரும்பி வரவே இல்ல. நான் போக மாட்டேன். இவுக கையத் தூக்க வையுங்க."

மழை பொய்த்த வருஷங்களில் ஒன்று. கண்மாய்க்குள் ஆடுகள் மண்ணை முகர்ந்துகொண்டு திரிந்தன. அவள் பேசுவதில் மிகை எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"தூக்க வைக்கிறேன்," என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்பதுதான் தெரியவில்லை.

தோளில் வலி, காலில் ஊசி

ரங்கூனிலிருந்து கப்பலில் வந்து இறங்கியதையும், அகதி முகாமிலிருந்து நழுவியதையும் இந்தத் தொடரில் போன வாரம் எழுதினேன். கையில் என்ன கொண்டுவந்தேன் என்பதை எழுத விட்டுப்போயிற்று. ஒரு தகரப் பெட்டி. அதில் ஊசிகள், மூங்கில் குவளைகள், ஒரு மாற்று வேட்டி.

ரங்கூனில் நான் மூட்டை தூக்கிய அரிசிக் கிட்டங்கிக்கு எதிரே ஒரு சீனத்து வைத்தியர் கடை வைத்திருந்தார். பர்மாக்காரர்களின் குத்துச்சண்டை வேறு மாதிரி. கையில் துணியை மட்டும் சுற்றிக்கொண்டு முட்டி, முழங்கை, தலை எல்லாவற்றாலும் இடிப்பார்கள். இடிபட்டவர்கள் நேராக இவர் கடைக்குத்தான் வருவார்கள். வலியில் திமிறுகிறவர்களை அமுக்கிப் பிடிக்க ஆள் வேண்டும். மூட்டை தூக்கிய உடம்பு என்பதால் என்னைக் கூப்பிடுவார். பிறகு அங்கேயே தங்கிவிட்டேன்.

அமுக்கிப் பிடித்துக்கொண்டே பார்த்ததுதான் என் படிப்பு. அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் தெரியாது, இருவருடைய பர்மியமும் அரைகுறை. தோளில் வலி என்று வந்த ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு முழங்காலுக்குக் கீழே, கெண்டைக்கால் எலும்பை ஒட்டி ஊசி ஏற்றினார். ஊசி நிற்கும்போதே கையைத் தூக்கச் சொன்னார். அவன் தூக்கினான்.

ஏன் காலில் என்று கேட்டேன். அவர் ஒரு கோப்பையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அது ஒரு விளக்கமா, அல்லது வாயை மூடு என்பதா? ரொம்ப வருஷம் யோசித்தாகிவிட்டது.

ஆகவே எனக்கு 'எங்கே' என்பது தெரியும். 'ஏன்' தெரியாது. என்னுடைய வைத்தியம் முழுவதும் அப்படித்தான்.

செல்லத்துரைக்கும் அதே இடத்தில் ஊசி ஏற்றினேன். பாக்கியம் ஒரு பார்வை பார்த்தாள்.

"வலிக்கிறது தோளு. குத்துறது காலு. இவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுமா?"

"சும்மா இரு," என்றான் செல்லத்துரை.

"நான் சும்மாதான் இருக்கேன். அவருதான் தையல் மிஷினு மாதிரி குத்துறாரு."

கையைத் தூக்கச் சொன்னேன். இடுப்பைத் தாண்டி நெஞ்சு வரைக்கும் வந்தது. நாங்கள் மூன்று பேருமே அந்தக் கையைப் பார்த்தோம். அதிகம் திகைத்தது நான்தான் என்று நினைக்கிறேன்.

டீக்கடைக் கிளாஸ்

அடுத்து குவளை வைக்க வேண்டும். உள்ளே நெருப்பைக் காட்டி, அணைவதற்குள் முதுகில் கவிழ்த்தால் குவளை சதையை உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். கட்டிய ரத்தம் கலைந்துவிடும் என்பார்கள். யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நானாக அப்படிப் புரிந்துகொண்டேன்.

ரங்கூன் ஈரத்தில் இருந்த மூங்கில் குவளைகள் இந்த ஊர் வெயிலைத் தாங்கவில்லை. வந்த கோடையிலேயே வெடித்துவிட்டன. அதனால் டீக்கடைக் கண்ணாடி கிளாஸை வாங்கிக்கொண்டேன். விளிம்பு தடித்த, வரி போட்ட கிளாஸ். முதுகில் நன்றாகப் பிடித்தது. கடைக்காரர் மட்டும், "சீனா, முதுகுல வச்ச கிளாஸைத் திருப்பிக் கொண்டாந்து வச்சிராத, சாமி. யாவாரம் படுத்துரும்" என்று தினமும் சொல்வார்.

தேய்க்கிற மருந்திலும் இதே கதை. சீன வைத்தியத்தில் அதைக் கடுஞ்சாராயத்தில் ஊறவைப்பார்கள். இங்கே மதுவிலக்கு. சாராயம் வைத்திருந்தால் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். நல்லெண்ணெயில் ஊறவைத்தேன். வேர்களின் பெயரும் எனக்குத் தெரியாது. அருப்புக்கோட்டை நாட்டு மருந்துக் கடையில் ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்து, இது, இது என்று எடுத்தேன். "என்ன சீக்குக்கு?" என்றார் செட்டியார். "அடிபட்டதுக்கு." "மோந்து பாத்து மருந்து வாங்குற ஆள இன்னைக்குத்தான் பாக்கேன்" என்று தன் கடைப்பையனைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

சூடத்தைக் கொளுத்தி கிளாஸுக்குள் காட்டிச் செல்லத்துரையின் தோளிலும் முதுகிலும் கவிழ்த்தேன்.

"எல்லையில சீனாக்காரன் சுட்டான். நீங்க இங்க எங்க வீட்டுக்காரர் முதுகுல சுடுறீகளாக்கும்," என்றாள் பாக்கியம்.

கிளாஸை எடுத்தபோது நாவல்பழ நிறத்தில் வட்டங்கள் இருந்தன. ஆட்டத்துக்கு முந்தின நாள் வரை ஒன்றுவிட்டு ஒரு நாள் வைத்தேன். ஒரு வட்டம் மங்கும்போது பக்கத்தில் இன்னொன்று கறுக்கும். கை முதலில் தோள் மட்டத்துக்கும், பிறகு காது மட்டத்துக்கும் வந்தது. ஆடலாமா என்று கேட்டான். சீனத்து வைத்தியர் குத்துச்சண்டைக்காரர்களிடம் கையை விரித்துக் காட்டுவார். நானும் கையை விரித்துக் காட்டினேன். அவன் அதை 'ஆடலாம்' என்று எடுத்துக்கொண்டான்.

யாரும் பிடிக்கவில்லை

மைதானத்தை உழுது, தண்ணீர் தெளித்து, பதமாக்கியிருந்தார்கள். எதிர் டீம் நரிக்குடி. அவர்களுக்கு கேப்டன் காதர் என்று ஒருவர், நரிக்குடியில் ஜவுளிக் கடை வைத்திருந்த குடும்பம். உடம்பு உரல் மாதிரி. பிடித்தால் விடமாட்டார்.

ஆபீசர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நானும் பாக்கியமும் கோட்டுக்கு அருகிலேயே நின்றோம். செல்லத்துரை துண்டை எடுத்து எறிந்துவிட்டு வெறும் உடம்போடு பாடிப் போனான்.

நரிக்குடிக்காரர்கள் பிரமாதமாக ஆடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்கு என்னவோ விலகி விலகி ஓடினார்கள். அவன் கையை நீட்டினால் இரண்டு பேர் கோட்டைத் தாண்டியே குதித்தார்கள். கோட்டைத் தாண்டினால் அவுட். மறுபடி போனான். மறுபடி குதித்தார்கள். அவன் மூச்சு முடிவதற்குள் நிதானமாக நடந்தே திரும்பிவந்தான்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. கை இந்த வேகம் வீசுகிறதே என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கையாவது காலாவது. முதுகப் பாத்தீகளா? பெருவியாதி கண்டிருக்கு. அதேன் எவனும் தொடமாட்டேங்கான்."

அந்த மாதம்தான் தொழுநோய் ஆஸ்பத்திரி ஆட்கள் ஊர் ஊராக வந்து போயிருந்தார்கள். சட்டையைக் கழற்றச் சொல்லி, நிறம் மாறிய இடத்தில் கோழி இறகால் தடவி, உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார்கள். பயப்படாதீர்கள், மருந்து இருக்கிறது என்று சொல்லியும் பார்த்தார்கள். சொன்னது மறந்துவிட்டது. வட்டமாக இருந்தால் அதுதான் என்பது மட்டும் ஜனங்களிடம் தங்கிவிட்டது.

கோட்டுக்குள்ளேயும் அதே பேச்சு நடந்துகொண்டிருந்தது. "ஏலே, பிடிங்கலே!" என்று காதர் கத்தினார். "நீங்க பிடிங்கண்ணே, எனக்கு வார மாசம் கல்யாணம்," என்றான் ஒருத்தன்.

பாதி ஆட்டம் முடிந்தபோது செல்லத்துரையின் டீம் பாயிண்டில் எங்கேயோ போயிருந்தது. ஆபீசர் எழுந்துவிட்டார்.

"நல்லாத்தான் ஆடுறான்," என்று நடுவராக இருந்த டிரில் மாஸ்டரிடம் சொன்னார். "ஆனா இந்த உடம்போட ஒருத்தனை மில்லுக்குள்ள விட முடியாது. ஆயிரம் பேர் வேலை செய்யிற இடம்."

செல்லத்துரை நடுக்கோட்டில் நின்றபடி இதைக் கேட்டான். தன் முதுகைத் தானே பார்க்க முயன்று கழுத்தைத் திருப்பினான். நோய் இல்லை என்று அவனுக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு நிமிஷம் அவன் முகத்திலும் சந்தேகம் வந்துபோனது.

காதருடைய முதுகு

பாக்கியம் என் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆபீசர் முன்னால் நிறுத்தினாள்.

"சொல்லுங்க. நீங்க வச்ச கிளாஸுதான? சொல்லுங்கண்ணே!"

"ஆமாங்க. கிளாஸ் வச்சதுங்க. சீன வைத்தியமுங்க."

"சீன வைத்தியமா?" ஆபீசர் ஒரு அடி பின்னால் போனார். நோயைவிட இது மோசம் என்பதுபோல இருந்தது. "கிளாஸுன்னா?"

"டீ கிளாஸுங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சொன்னது எனக்கே நம்பும்படியாக இல்லை. வைத்துக் காட்டுகிறேன் என்றேன். டீக்கடைக்கு ஆள் ஓடியது. கிளாஸும் சூடமும் வந்தன. யார் முதுகில் வைப்பது? என் முதுகில் நானே வைக்க முடியாது. கூட்டம் அரை வட்டமாகப் பின்வாங்கியது.

"எம் முதுகுல வையி, பாப்போம்," என்று காதர் பெஞ்சில் குப்புறப் படுத்தார். "நான் தோத்துக்கிட்டு இருக்கேன். எதுக்குத் தோக்குறேன்னாவது தெரியணும்ல."

"காதர் பாய்க்கே சூடம் காட்டுறாகடோய்!" என்று ஒருவன் கத்தினான்.

"காட்டட்டும்லே. உனக்குக் காட்டத்தான் ஆளில்ல."

காற்று. பங்குனிச் சாயங்காலத்துக் காற்று இந்தச் சீமையில் ஒரு திசையிலிருந்து வருவதில்லை. தீக்குச்சி அணைந்தது. மறுபடி கிழித்தேன். அணைந்தது. சூடம் பற்றியபோது கிளாஸ் நழுவியது. ஆபீசர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாக்கியம் சேலை முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, காற்று வருகிற பக்கம் குந்தி உட்கார்ந்தாள்.

"இப்ப வையுங்க. முந்தானை எரிஞ்சாலும் எரியட்டும்."

கிளாஸ் 'சப்' என்று ஒட்டியது.

"ஆத்தாடி!" காதர் தலையைத் தூக்கினார். "உசுரையே உறிஞ்சுது மாப்ளே!" செல்லத்துரையைப் பார்த்துச் சொன்னார். "இதையா தெனமும் வச்சுக்கிட்ட? நீ ஆம்பளதான்."

கண்ணாடிக்குள் சதை பணியாரம்போல உப்பி எழுவதை எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஆபீசரும் பார்த்தார். கிளாஸை எடுத்ததும், அச்சாக அதே வட்டம் கறுத்து நின்றது. டிரில் மாஸ்டர் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, செல்லத்துரை முதுகிலும் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணுதான்," என்றார்.

காதர் எழுந்து தோளைக் குலுக்கினார். "எனக்குக்கூட பிடரி லேசான மாதிரி இருக்குய்யா." மெய்யாகவே லேசானதா, எனக்காகச் சொன்னாரா என்று அப்புறம் ஒருநாள் அவரிடமே கேட்டேன். அவருக்கும் சரியாக ஞாபகம் இல்லை.

பிறகு அவர் தன் ஆட்களைப் பார்த்துச் சொன்னார்: "கேட்டுக்கிட்டீகளா? சீக்கும் இல்ல, சிரங்கும் இல்ல. இனி எவனாவது கோட்டத் தாண்டிக் குதிச்சான், நானே காலை ஒடிப்பேன்."

செல்லத்துரைக்கு நான் செய்தது நல்லதா என்று அந்த இடத்தில்தான் எனக்குக் குழம்பியது. நோய் என்று நம்பியவரை அவன் தோளை யாரும் தொடவில்லை. இப்போது எல்லோரும் தொடுவார்கள்.

தூக்கிய கை

தொட்டார்கள். முதல் பாட்டிலேயே காலைப் பிடித்துக் கவிழ்த்தார்கள். அடுத்த பாட்டிலும் அப்படியே. சேர்த்து வைத்திருந்த பாயிண்டு கரைந்துகொண்டே வந்தது. ஆபீசர் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பார்த்தார். பாக்கியம் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆட்டம் என் முகத்தில் நடப்பதுபோல.

கடைசியாகப் போனபோது காதரே பாய்ந்து இடுப்பைக் கட்டினார். மேலே இன்னும் இரண்டு பேர் விழுந்தார்கள். செல்லத்துரையின் இடது கை அடியில் மாட்டிக்கொண்டது. பாட்டு மட்டும் மண்ணுக்குள்ளிருந்து வருவதுபோல வந்துகொண்டிருந்தது. நடுக்கோடு ஒரு கை நீட்டத்தில் இருந்தது. வலது கை நீட்டத்தில்.

அந்தக் கை வெளியே வந்தது. முதலில் முழங்கை. பிறகு, நான் ஒருநாளும் தூக்க வைக்காத உயரத்துக்கு, தலைக்கு மேலே நேராக நீண்டது. விரல் நுனி கோட்டில் பட்டது. டிரில் மாஸ்டர் விசில் ஊதினார்; பிடித்த மூன்று பேரும் அவுட்.

அது என் ஊசியா, கிளாஸா, எண்ணெயா? அல்லது மூணாறு எஸ்டேட்டா? யாராவது வாசகர்களில் வைத்தியம் படித்தவர்கள் இருந்தால் எனக்கு எழுதுங்கள்.

ஆபீசர் அவனைக் கூப்பிட்டார். மண்ணும் வேர்வையுமாக வந்து நின்றான்.

"தோள்ல அடின்னு சொன்னாங்களே. இப்ப எப்படி?"

"நல்லாருக்கு சார்."

"கையைத் தூக்கு, பாப்போம்."

செல்லத்துரை தூக்கினான். நெஞ்சைத் தாண்டி, காதைத் தாண்டி, நேராக மேலே போயிற்று. முகத்தில் சிரிப்பு இருந்தது. தொண்டை நரம்பு மட்டும் கயிறுபோலப் புடைத்திருந்தது. ஆபீசர் தலையை ஆட்டினார்.

"திங்கட்கிழமை மில்லுக்கு வந்துடு," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

திங்கட்கிழமை அவன் போனான், வேலையில் சேர்ந்தான், பல வருஷம் அந்த டீமுக்கு ஆடினான் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். படிக்கிறவர்கள் கவலைப்பட வேண்டாம். கங்காணி வேறு ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனான்.

நான் சொல்ல வந்தது அந்த நிமிஷத்தைப் பற்றி. ஜீப் நகர்ந்தது. செல்லத்துரை தூக்கிய கையை இறக்கவில்லை. விடை கொடுக்கிறான் என்று நினைத்து ஆபீசரும் ஜீப்பிலிருந்து கையை ஆட்டினார். ஜீப் மறைந்தது. கை அப்படியே நின்றது.

"எறக்குங்க, போயிட்டாரு," என்றாள் பாக்கியம்.

"எறங்க மாட்டேங்குது."

அவள் தொட்டாள். அவன் அலறினான். காதர் ஓடிவந்து முழங்கையைத் தாங்கினார். மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணே, தூக்குறதுக்குக் காலுல குத்துனீக. எறக்குறதுக்கு எங்க குத்தணும்?" என்றாள் பாக்கியம்.

ரங்கூன் கடை, படுத்திருந்த குத்துச்சண்டைக்காரர்கள், அந்தத் தேநீர்க் கோப்பை எல்லாவற்றையும் மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். கையை இறக்க முடியாமல் யாரும் அங்கே வந்ததாக ஞாபகம் இல்லை.

"தெரியலையே, தங்கச்சி."

பாக்கியம் அழுகிறாள் என்று பார்த்தால் சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு பார்த்தால் இரண்டும்தான். நான் தோளுக்கு அடியில் எண்ணெயைத் தேய்த்துக்கொண்டே நடக்க, காதர் முழங்கையைப் பிடித்துக்கொள்ள, என் சாய்ப்பை நோக்கி ரோட்டோரமாகப் போனோம். எதிரே அருப்புக்கோட்டை டவுன் பஸ் வந்தது. தூக்கிய கையைப் பார்த்ததும் டிரைவர் பிரேக் போட்டார். நாங்கள் இல்லை என்று தலையை ஆட்டினோம். கண்டக்டர் படியில் தொங்கியபடி கேட்டார்:

"ஏறப் போறதில்லையின்னா எதுக்குய்யா கையக் காட்டுறீக?"